உப்புக் காற்றில் ஓடும் வண்டிகள்: வாங்கியவர் கேட்டதால் வந்த பாதுகாப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளியில் இருபத்தைந்து ஆண்டுகள் வண்டிப் பட்டறை வைத்திருந்தேன். முழங்கால் தேய்ந்த பிறகு பட்டறையைத் தம்பி மகனிடம் ஒப்படைத்துவிட்டு, வண்டி வாங்கி அவதிப்படுகிறவர்களுக்குப் புகார் மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். வடக்கே தொண்டியிலிருந்தும் தெற்கே சாயல்குடியிலிருந்தும் கிழக்கே ராமேஸ்வரத் தீவிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஊர்தான் வேறு, கேள்விகள் ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

வண்டியைச் செய்வது கம்பெனி. சரிபார்ப்பது அரசாங்கம். நடுவில் வாங்குகிறவன் என்ன செய்துவிட முடியும்?

உங்கள் தோளில் குறுக்கே கிடக்கும் சீட் பெல்ட்டையே எடுத்துக்கொள்வோம். மூன்று இடங்களில் பிடித்துக்கொள்ளும் இந்தப் பட்டையை 1959இல் வடிவமைத்தவர் வால்வோ நிறுவனப் பொறியாளர் நில்ஸ் போலின். காப்புரிமையை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று வால்வோ விட்டுக்கொடுத்தது. அப்படியும் அமெரிக்கக் கம்பெனிகள் அவசரப்படவில்லை. ஓட்டுகிறவன் ஒழுங்காக ஓட்டினால் விபத்து ஏன் வருகிறது என்பதுதான் அந்தக் காலத்துப் பேச்சு.

1965இல் ரால்ஃப் நாடெர் என்ற இளம் வழக்கறிஞர் அந்தப் பேச்சைத் திருப்பிப் போட்டு ஒரு புத்தகம் எழுதினார். மோதுவது ஓட்டுநரின் தவறாகவே இருக்கட்டும், மோதிய பிறகு உள்ளே இருப்பவரின் நெஞ்சில் ஸ்டியரிங் தண்டு குத்துவது யாருடைய தவறு என்று கேட்டார். முதல் அத்தியாயமே ஜெனரல் மோட்டார்ஸின் கோர்வேர் காரைப் பற்றியது. கம்பெனி பதில் சொல்வதை விட்டுவிட்டு, துப்பறிவாளர்களை வைத்து அவருடைய சொந்த வாழ்க்கையைக் கிளறியது. விஷயம் வெளியே வந்ததும், 1966 மார்ச்சில் அதன் தலைவர் ஜேம்ஸ் ரோச் செனட் குழுவின் முன் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு செப்டம்பர் 9 அன்று வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்டார். 1968 தொடக்கத்திலிருந்து புதுக் கார்களில் சீட் பெல்ட் கட்டாயமானது.

நேர்மையாக ஒன்றையும் சொல்ல வேண்டும். 1972இல் அரசே கோர்வேரைச் சோதித்துப் பார்த்து, அந்தக் காலத்தின் மற்றக் கார்களைவிட அது மோசம் இல்லை என்று சொன்னது. நாடெர் கை காட்டிய அந்த ஒரு கார் குறித்துச் சண்டை இருக்கலாம். ஆனால் அவர் கேட்ட கேள்வி நிலைத்துவிட்டது. 1966இல் பத்துக் கோடி மைல் ஓட்டத்துக்கு 5.5 பேர் இறந்த நாட்டில், 2019இல் அந்தக் கணக்கு 1.1. நல்ல சாலைக்கும் மருத்துவமனைக்கும் குடிபோதைச் சட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. வண்டி மாறியதற்கும் பெரிய பங்கு உண்டு.

அது அமெரிக்கா. நம் நாட்டில் என்ன நடந்தது?

நம் நாட்டில் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது 2014 ஜனவரி. கார்களை மோதவிட்டுப் பார்த்து ஐந்து வரை நட்சத்திரம் போடும் குளோபல் என்கேப் என்ற அமைப்பு, இந்தியாவில் பிரபலமான ஐந்து சிறிய கார்களை வாங்கி மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் தடுப்பில் மோதவிட்டது. மாருதி ஆல்டோ 800, டாடா நானோ, ஃபோர்டு ஃபிகோ, ஹூண்டாய் ஐ10, ஃபோக்ஸ்வாகன் போலோ. ஐந்துக்கும் பெரியவர் பாதுகாப்பில் பூஜ்ஜியம். பட்டறையில் அன்று அந்த வீடியோவை நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒரே கைப்பேசியில் பார்த்தோம். வாரம் இரண்டு முறை நாங்கள் கதவு ஒடுக்கு எடுக்கிற அதே கார், தகர டப்பா போல மடங்கியது.

அந்த ஐந்தில் போலோவின் கதை மட்டும் தனி. ஏர்பேக் இல்லாத போலோவுக்குப் பூஜ்ஜியம். இரண்டு ஏர்பேக் வைத்த அதே போலோவுக்கு நான்கு நட்சத்திரம். ஏர்பேக் இல்லாத வகையை அந்த நிறுவனம் இந்தியாவில் விற்பதையே நிறுத்திவிட்டது. எந்தச் சட்டமும் அப்போது அதைக் கட்டாயப்படுத்தவில்லை. நாலு பேர் பார்க்கிற இடத்தில் மானம் போனது, அவ்வளவுதான்.

சட்டம் பின்னால் வந்தது. மோதல் சோதனை விதிகள் 2017 அக்டோபரில் புது மாடல்களுக்கும் 2019 அக்டோபரில் பழைய மாடல்களுக்கும் வந்தன. ஓட்டுநர் ஏர்பேக், பெல்ட் போடாவிட்டால் கத்தும் மணி, வேக எச்சரிக்கை, பின்பக்க சென்சார் ஆகியவை 2019 ஜூலையில் வந்தன. பக்கத்து இருக்கைக்கான ஏர்பேக் 2021இல் கட்டாயமானது. இதற்கிடையே, 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் வாங்கிய முதல் இந்தியக் கார் ஆனது. ஏறத்தாழ ஐந்தே ஆண்டுகளுக்கு முன் பூஜ்ஜியம் வாங்கிய கம்பெனிகளில் ஒன்றுதான் அது. நம்மால் முடியாது என்று சொன்னதெல்லாம் முடியாததால் அல்ல, கேட்க ஆள் இல்லாததால்.

இதே நாடகத்தை ஐரோப்பாவில் முன்பே நடத்திக் காட்டியிருக்கிறார்கள். 1997இல் யூரோ என்கேப் தொடங்கியபோது நான்கு நட்சத்திரம் எந்தக் காராலும் வாங்க முடியாது என்று கம்பெனிகள் கூச்சல் போட்டன. அடுத்த சுற்றிலேயே வால்வோ எஸ்40 வாங்கிவிட்டது.

கீழக்கரையிலிருந்து ஒருவர்: "வளைகுடாவில் நான் ஓட்டிய அதே மாடலை ஊருக்கு வந்து வாங்கினேன். அங்கே இருந்த வசதி இங்கே இல்லை. ஏன்?"

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம் ஆட்கள் இதைக் கேட்காத மாதம் இல்லை. ஒரே பெயர், ஒரே விளக்கு, உள்ளே வேறு வண்டி. எந்த நாட்டில் விதி கடுமையோ அந்த நாட்டுக்கு ஏற்றபடி செய்து அனுப்புவது கம்பெனிகளின் வழக்கம். விதி இளகலாக இருந்தால் வண்டியும் இளகல். இந்தியாவில் செய்து வெளிநாட்டுக்குக் கப்பலேற்றிய கார்களில் இருந்த பாதுகாப்பு, பல ஆண்டுகள் இங்கே விற்ற கார்களில் இல்லை. குளோபல் என்கேப் போன்ற அமைப்புகள் அடித்துப் பேசியதும் இந்த இரட்டைக் கணக்கைப் பற்றித்தான்.

வளைகுடா ஆட்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை ஒன்று உண்டு. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் வெப்பத்தில் மேல்பட்டை உரிந்து வண்டி கவிழ்ந்துகொண்டிருந்தது. 1999இலேயே சவுதி உள்ளிட்ட வளைகுடா நாடுகளில் ஃபோர்டு அந்த டயர்களை மாற்றிக் கொடுத்தது. அமெரிக்க அரசுக்கு அதைத் தெரிவிக்கவில்லை. 2000 ஆகஸ்டில்தான் அமெரிக்காவில் 65 லட்சம் டயர்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அதற்குள் அமெரிக்காவில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் போய்விட்டன. ஜோன் கிளேபுரூக் தலைமையிலான பப்ளிக் சிட்டிசன் போன்ற நுகர்வோர் அமைப்புகள் விடாமல் நின்றதில் அதே ஆண்டு புதுச் சட்டம் வந்தது: வெளிநாட்டில் ஒரு குறைக்காக வண்டியைத் திரும்ப அழைத்தால் உள்நாட்டிலும் அரசுக்குச் சொல்லியாக வேண்டும்.

ஆகவே காக்கா (கீழக்கரைப் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), ஜித்தாவிலோ ஷார்ஜாவிலோ உங்கள் வண்டிக்கு ஏதாவது பாகத்தை இலவசமாக மாற்றினார்கள் என்றால் அந்தச் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதே மாடல் வைத்திருக்கும் உங்கள் மச்சானுக்கு இங்கே அது ஆதாரம்.

நட்சத்திரத்தை நம்பி வாங்கலாமா?

நம்பலாம், மூன்று விஷயங்களை நினைவில் வைத்துக்கொண்டு. பெரியவருக்கு ஒரு மதிப்பெண், குழந்தைக்கு வேறு மதிப்பெண். விளம்பரத்தில் பெரிதாக இருப்பதை மட்டும் பார்க்காதீர்கள். 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள நம் நாட்டு நட்சத்திரச் சோதனையான பாரத் என்கேப் தாமாக முன்வரும் கம்பெனிகளுக்கு மட்டுமே. ஒரு காருக்கு நட்சத்திரமே இல்லை என்றால் ஏன் சோதனைக்கு அனுப்பவில்லை என்று ஷோரூமில் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாமல் விழிப்பார்கள். பரவாயில்லை, கேளுங்கள். மூன்றாவது, சோதிப்பது புது வண்டியை. ஐந்து வாடைக்காற்றும் ஐந்து கச்சான் காற்றும் தின்ற வண்டியை யாரும் சோதிப்பதில்லை.

கடலோரத்தில் வண்டி துருப்பிடிப்பது இயற்கைதானே? அதற்கும் கம்பெனிதான் பொறுப்பா?

இது என் சொந்தக் கேள்வி. 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தை உப்பு தின்று தின்று, 2022 டிசம்பரில் ரயிலையே நிறுத்தினார்கள். இரும்பு என்றால் துருப்பிடிக்கும் என்பது நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்துத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் மேலே வண்ணம் உரிந்து துருப்பிடிப்பது வேறு, அடியில் பிரேக் பைப் துருப்பிடித்து ஓட்டை விழுவது வேறு. முதலாவது அழகுப் பிரச்சினை. இரண்டாவது உயிர்ப் பிரச்சினை.

தேவிபட்டினம் சாலையில் ஒருமுறை ஒரு சிறிய சரக்கு வண்டியைச் சோதித்துப் பார்க்க நான்தான் ஓட்டினேன். நான்கு வயது வண்டி. உப்பளத்துப் பக்கம் ஆடு குறுக்கே வந்தது. மிதித்தேன், பெடல் தரையில் போய் உட்கார்ந்தது. கியரை இறக்கி, கைப்பிரேக்கை இழுத்து, கருவேலம் புதரில் ஏற்றி நிறுத்தினேன். கீழே படுத்துப் பார்த்தால் பின்சக்கரத்துக்குப் போகும் பைப் நடுவில் நூலாக இற்றுப்போயிருந்தது. வெளியே பெயின்ட் பளபளவென்று இருந்தது. கம்பெனியிடம் கேட்டபோது "கடலோர உபயோகம்" என்று ஒரே வரியில் கை கழுவினார்கள்.

அந்த ஒரு வரிக்குப் பதில் உலகத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் குளிர் மாநிலங்களில் பனியை உருக்கச் சாலையில் உப்புக் கொட்டுவார்கள். டொயோட்டாவின் டக்கோமா வகை வண்டிகளின் அடிச்சட்டமான சேஸிஸ் அந்த உப்பில் இற்றது. உரிமையாளர்கள் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2016இல் ஏறத்தாழ 15 லட்சம் வண்டிகளைச் சோதிக்கவும், தேவைப்பட்டால் சேஸிஸையே மாற்றவும் கம்பெனி உடன்பட்டது. அந்தச் சமரசத்தின் மதிப்பு 340 கோடி டாலர் வரை என்று கணக்கிட்டார்கள். உப்பு இருக்கிற ஊரில் விற்கிறாய் என்று தெரியும், அதற்கேற்ற பூச்சு கொடுத்தாயா என்பதுதான் அங்கே கேள்வி.

ஈரக்காற்றும் வெப்பமும் சேர்ந்து செய்த இன்னொரு வேலை டகாடா ஏர்பேக். அதை ஊதும் குப்பியில் அம்மோனியம் நைட்ரேட் வைத்திருந்தார்கள். ஈரமும் சூடும் மாறி மாறிப் பட்டு ஆண்டுக்கணக்கில் அது கெட்டுப்போகும். பிறகு சின்ன மோதலிலும் குப்பியே வெடித்து, காப்பாற்ற வேண்டிய பையிலிருந்து இரும்புத் துண்டு பாயும். உலகம் முழுவதும் ஏறக்குறைய 10 கோடி குப்பிகளைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. 2017இல் டகாடா திவால் ஆனது. அமெரிக்காவில் முதலில் மாற்றச் சொன்னது புளோரிடா போன்ற புழுக்கமான கடலோரப் பகுதிகளில். நம் மண்டபத்துப் புழுக்கம் அதற்குக் குறைந்ததா? இந்தியாவில் ஹோண்டா மட்டும் 2016இல் ஏறத்தாழ 1.9 லட்சம் கார்களை இதற்காக அழைத்தது. பழைய கார் வாங்குகிறவர்கள் இந்தக் கதையை நினைவில் வையுங்கள். கம்பெனி இணையதளத்தில் சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால், மாற்ற வேண்டிய பாகம் ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பழசானாலும், கை மாறியிருந்தாலும், இப்படித் திரும்ப அழைத்துச் சரிசெய்யும் ரீகால் வேலை இலவசம்தான்.

உத்தரவாதப் புத்தகத்தில் "காற்றிலுள்ள உப்பினால்" என்று ஒரு விலக்கு இருந்தால் சோர்ந்துவிடாதீர்கள். ஒருதலைப்பட்சமான ஒப்பந்தத்தை எதிர்த்து மாநில நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழி வைத்திருக்கிறது.

மீன் ஏற்றத்தான் வண்டி வாங்கினேன். தொழிலுக்கு வாங்கினால் நுகர்வோர் இல்லை என்கிறார்களே?

பாதி உண்மையைச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று சட்டம் சொல்கிறது. அதே மூச்சில், சுயதொழில் செய்து தன் பிழைப்புக்காகவே பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் அல்ல என்றும் சொல்கிறது. கோவை பி.எஸ்.ஜி. நிறுவனம் ஒரு தரப்பாக இருந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995இலேயே இதை விளக்கிவிட்டது. ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான். உதவிக்கு ஒருவர் இருவரை வைத்துக்கொள்வதால் அது கெடாது. பாம்பனில் ஏற்றி ராமநாதபுரம் சந்தைக்குத் தானே ஓட்டிப்போகும் மீன் வண்டிக்காரர் தாராளமாகப் புகார் கொடுக்கலாம். பத்து வண்டி வைத்து ஆள் போட்டு ஓட்டும் முதலாளிக்கு அந்த வழி இல்லை.

அது போகட்டும். மீன் வண்டிக்காரர்களுக்கு என் பக்கத்துக் குற்றச்சாட்டும் ஒன்று உண்டு. ஐஸ் உருகிய உப்புத் தண்ணீரைச் சாலையில் ஒழுகவிட்டுப் போகிறீர்கள். உங்கள் சேஸிஸும் இற்றுப்போகிறது, பின்னால் வரும் பைக்கும் சறுக்கி விழுகிறது. அதற்கு எந்தக் கம்பெனி மீதும் புகார் கொடுக்க முடியாது.

ரீகால் என்பது கம்பெனியின் பெருந்தன்மையா, கட்டாயமா?

2012இல் தயாரிப்பாளர்கள் சங்கம் தாங்களாகவே செய்துகொள்ளும் வழிமுறையாகத்தான் அதைக் கொண்டுவந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் 110ஏ பிரிவு சேர்ந்த பிறகு அரசே கட்டாயப்படுத்தலாம். விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. உற்பத்தியாகி ஏழு ஆண்டு ஆகாத வண்டிகளுக்கு இது பொருந்தும். ஒரே குறையைப் பற்றி, அந்த மாடல் விற்ற எண்ணிக்கைக்கு ஏற்ற அளவில் புகார்கள் சேர்ந்தால் விசாரணை வரும். அபராதம் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை.

இதில் "புகார்கள் சேர்ந்தால்" என்ற சொல்லைக் கவனியுங்கள். டீக்கடையில் திட்டியது இந்தக் கணக்கில் ஏறாது. மெக்கானிக்கிடம் புலம்பியதும் ஏறாது, எனக்கு நன்றாகத் தெரியும். ஆயிரக்கணக்கான புலம்பல்களைக் கேட்டு, ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே "எல்லா வண்டியிலும் அப்படித்தான்" என்று பதில் சொல்லியிருக்கிறேன். எல்லா வண்டியிலும் அப்படி என்றால் அதுதானே வடிவமைப்புக் குறை! இருபத்தைந்து ஆண்டு அது என் மண்டையில் ஏறவில்லை. அரசின் வாகன ரீகால் தளத்தில் பதிவு செய்தால்தான் எண்ணிக்கையில் வரும்.

பலரைப் பாதிக்கும் விஷயம் என்றால் இன்னொரு வாசலும் உண்டு. நுகர்வோர் வர்க்கமாகப் பாதிக்கப்படும்போது மாவட்ட ஆட்சியரிடமே மனு கொடுக்கலாம். 2020 ஜூலையில் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆபத்தான பொருளைத் திரும்பப் பெறச் சொல்லி உத்தரவே போட முடியும்.

மோதியபோது ஏர்பேக் விரியவில்லை. "சென்சாருக்குப் போதிய அடி படவில்லை" என்கிறது கம்பெனி. நான் என்ன செய்வது?

2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஹூண்டாய் வழக்கைச் சொல்லுங்கள். 2015இல் கிரெட்டா வாங்கியவர் 2017இல் விபத்தில் அடிபட்டார். முன்பக்கம் நன்றாக நசுங்கியும் ஏர்பேக் விரியவில்லை. கம்பெனி சொன்ன காரணம் உங்களுக்குச் சொன்னதுதான். மோதலின் வேகத்தையும் விசையையும் கணக்குப் போட வாங்குகிறவர் இயற்பியல் நிபுணரா என்ன என்கிற அர்த்தத்தில் நீதிமன்றம் கேட்டது. முன்பக்கம் பலமாக மோதினால் பை விரியும் என்றுதானே எந்த மனிதனும் நினைத்து வாங்குகிறான். மூன்று லட்சம் ரூபாயும் மாற்று வண்டியும் தரச் சொன்ன கீழ் ஆணையத்தின் உத்தரவு நிலைத்தது.

ஆனால் நம் ஆட்கள் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. விபத்தான வண்டியை அவசரமாகப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறார்கள். வண்டிதான் சாட்சி. நாலா பக்கமும் படம் எடுங்கள். இன்ஷூரன்ஸ் சர்வேயர் அறிக்கையின் நகலை வாங்குங்கள். சர்வீஸில் என்ன வேலை செய்தார்கள் என்று எழுதித் தரும் ஜாப் கார்டுகளை ஒரு கோப்பில் வையுங்கள். ஆய்வு தேவை என்றால் ஆணையமே ஆய்வகத்துக்கு அனுப்பும். அனுப்ப வண்டி இருக்க வேண்டும் அல்லவா?

முன்னால் கனமான இரும்புக் கம்பி பம்பர் மாட்டியிருந்தால் உங்கள் வழக்கு பாதி செத்துவிட்டது. மோதலின் அதிர்ச்சி சென்சாருக்குப் போவதை அது கெடுக்கும். 2017லேயே மத்திய அரசு அதைத் தடுக்கச் சொல்லிவிட்டது. வண்டியை மாற்றியமைத்திருந்தால் பொறுப்பிலிருந்து தப்ப உற்பத்தியாளருக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பக்கவாட்டு ஏர்பேக் உள்ள இருக்கைக்கு இறுக்கமான உறை போடுவதும் அப்படித்தான்.

பெல்ட் மணி கத்தாமல் இருக்க ஒரு கிளிப் விற்கிறார்களே, தவறா?

தவறு. 2023 மே மாதத்தில் ஐந்து பெரிய இணைய அங்காடிகளிலிருந்து அந்தக் கிளிப்புகளை நீக்கச் சொன்னது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம். 13,118 விற்பனைப் பக்கங்கள் நீங்கின. தனுஷ்கோடிக்குப் போகும் வாடகைக் கார்களில் இன்னமும் பார்க்கிறேன். உயிரைக் காக்கும் மணியை வாயடைக்க முப்பது ரூபாய் செலவழிப்பவரை என்ன சொல்வது?

புகார் எங்கே கொடுப்பது, எவ்வளவு செலவாகும்?

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழில் பேசலாம். பேசி முடித்ததும் தரும் புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். பல தகராறுகள் அங்கேயே முடிந்துவிடுகின்றன.

முடியவில்லை என்றால் ராமநாதபுரத்தில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வண்டியைச் சென்னையிலோ மதுரையிலோ வாங்கியிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். 2019 சட்டம் தந்த பெரிய வசதி இதுதான். அதற்கு முன் ஷோரூம் இருக்கும் ஊருக்கு அலைந்து பாதிப் பேர் விட்டுவிட்டார்கள். பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்டத்தில் பார்ப்பார்கள். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. வக்கீல் கட்டாயம் இல்லை. குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். இணையத்திலும் பதியலாம்.

மூன்று மாதத்தில், ஆய்வு தேவை என்றால் ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். நடப்பில் அதைவிடக் கூடுதலாகத்தான் ஆகிறது. கையில் சோற்று மூட்டை கட்டிக்கொண்டு நடக்கத் தயாராக இருங்கள்.

இதெல்லாம் கார் வைத்திருப்பவர்களுக்கு. பைக்கில் மீன் பெட்டி கட்டிப் போகிறவனுக்கு என்ன இருக்கிறது?

சரியான கேள்வி. நுகர்வோர் இயக்கம் தலைகுனிய வேண்டிய கேள்வியும்கூட. 2022இல் நாட்டில் 1,68,491 பேர் சாலையில் இறந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். நட்சத்திரச் சோதனையோ அவர்களுக்குக் கிடையாது. ஷேர் ஆட்டோவுக்கும் சின்னச் சரக்கு வண்டிக்கும் கிடையாது. கடற்கரையில் முக்கால்வாசிப் பேர் இவற்றில்தான் போகிறோம்.

கிடைத்தவரை சொல்கிறேன். 125 சி.சி.க்கு மேற்பட்ட புது பைக்குகளில் 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். பிரேக் உண்டு. அதற்குக் கீழே உள்ளவற்றில் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் பிரேக். தனுஷ்கோடி சாலையில் காற்று மணலை வாரிக் கொட்டும் நாட்களில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று விழுந்தவர்களைக் கேளுங்கள். 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பதே குற்றம். சாலையோரம் இருநூறு ரூபாய்க்குத் தொங்குவதைப் போலீஸுக்குக் காட்டத்தான் போட முடியும். பில்லோடு வாங்குங்கள். போலி முத்திரை என்று தெரிந்தால் அந்தப் பில்தான் உங்கள் வழக்கு.

டயரில் எதைப் பார்ப்பது?

பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2322 என்றால் 2022ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. புது டயர் என்று மூன்று ஆண்டுப் பழசைத் தள்ளுவார்கள், பார்த்து வாங்குங்கள். காற்றுக் குறைவு, கூடுதல் பாரம், சித்திரை வெயில் மூன்றும் சேர்ந்தால் டயர் உரியும். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை வண்டி நிற்கிற நாட்களில், டயரையும் பிரேக் பைப்பையும் ஒரு முறை கழுவிப் பாருங்கள். நல்ல தண்ணீரில்.

கம்பெனி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பாகத்தை இலவசமாக மாற்றித் தருகிறேன், புகாரை விட்டுவிடுங்கள் என்கிறது. விடலாமா?

விடலாம், உங்கள் உரிமை. ஆணையத்திலேயே சமரசத்துக்கு இடம் இருக்கிறது. பிள்ளை குட்டிக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு வேலை செய்துவிட்டு விடுங்கள். எதை, எந்தக் குறைக்காக மாற்றினார்கள் என்று ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். "வாடிக்கையாளர் திருப்திக்காக" என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். பிறகு ரீகால் தளத்தில் உங்கள் குறையைப் பதிந்துவிடுங்கள். பாகம் கிடைத்துவிட்டதால் அது பொய்யாகிவிடாது.

தங்கச்சிமடத்துக்காரர் ஒருவருக்கு ஸ்டியரிங் பெட்டியை இப்படி ஓசையில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள். வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவர் என்னிடமும் சொல்லவில்லை. ஏழு மாதம் கழித்து அதே மாடல், அதே ஆண்டு வண்டி, பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம் இறக்கத்தில் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டு சுவரில் உரசி நின்றது. உரசியதோடு போயிற்று. அந்த வண்டியைப் பட்டறைக்கு இழுத்து வந்த அன்றுதான் முதல் ஆள் வந்து தன் ஜாப் கார்டைக் காட்டினார். இருவர் பெயரிலும் இரண்டு பதிவுகள் போட்டோம். மூன்றாவது மண்டபத்திலிருந்து வந்திருக்கிறது. உங்கள் வண்டியிலும் ஸ்டியரிங் இப்படிப் பிடித்துக்கொண்டால், ஜாப் கார்டோடு ஒரு சனிக்கிழமை மாலை உச்சிப்புளிக்கு வாருங்கள்.